விதியை யார், எவ்வளவு கடைப்பிடிக்கிறார்கள்? அளப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், மவுண்ட் எட்ஜ்கோம் பக்கங்களிலும் கோயில் நிர்வாகக் குழுக்கள், தமிழ்ச் சங்கங்கள், பல்கலைக்கழக மாணவர்கள் எனப் பலரும், மக்கள் விதிகளை எவ்வளவு கடைப்பிடிக்கிறார்கள் என்று அளக்கும் கணக்கெடுப்பில் இறங்குகிறார்கள். அப்போது திரும்பத் திரும்ப எழும் கேள்விகளும் பதில்களும் கீழே.

விதி, வழக்கம், நெறி எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. அளக்கும் முறை ஒவ்வொன்றுக்கும் மாறும் என்பதால் இதை முதலிலேயே பிரித்துக்கொள்ள வேண்டும். சிவப்பு விளக்கில் நிற்பது சட்டம், மீறினால் அபராதம். மழைக்குக் குடை பிடிப்பது வெறும் பழக்கம். ஊரில் ஒருவரும் பிடிக்காவிட்டாலும் நீங்கள் பிடிப்பீர்கள். சமூக நெறி இந்த இரண்டிலும் சேராது. சமூக நெறிகளை ஆராயும் தத்துவ அறிஞர் கிறிஸ்டினா பிக்கியேரியின் வரையறைப்படி, ஒருவர் ஒரு நெறியைப் பின்பற்ற இரண்டு எதிர்பார்ப்புகள் தேவை: மற்றவர்கள் அதைச் செய்கிறார்கள் என்ற நம்பிக்கை, தானும் செய்ய வேண்டும் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள் என்ற நம்பிக்கை. "நாலு பேர் என்ன சொல்வார்கள்" என்று நாம் சொல்வது இரண்டாவது எதிர்பார்ப்பைத்தான். இந்த இரண்டும் மாறும்போது ஒருவரின் நடத்தையும் மாறினால் அது நெறி. எது மாறினாலும் அவர் அசையவில்லை என்றால் அது அவருடைய சொந்த நம்பிக்கை அல்லது பழக்கம்.

"நீங்கள் விதியை மதிப்பவரா?" என்று நேரடியாகக் கேட்டால் போதாதா?

போதாது. கிட்டத்தட்ட எல்லோருமே ஆம் என்பார்கள். நல்ல பெயருக்காகப் பதிலை அழகுபடுத்தும் இந்தப் போக்கை அளக்கவே 1960-இல் கிரௌனும் மார்லோவும் 33 கூற்றுகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். கேட்பவர் தெரிந்தவராக இருந்தால் இந்தப் போக்கு இன்னும் கூடும். கோயில் இளைஞர் குழுவிலிருந்து ஒரு பிள்ளை வந்து "ஆன்ட்டி, நீங்கள் புரட்டாசி முழுக்க விரதம் இருந்தீர்களா?" என்று கேட்டால் எந்த ஆன்ட்டி இல்லை என்பார்? நேரடிக் கேள்வியை வைக்கலாம், தவறில்லை. ஆனால் அதைத் தனியாக நம்பாதீர்கள். கீழே வரும் முறைகளில் குறைந்தது ஒன்றையாவது அதோடு சேருங்கள்.

செயலை அளக்க எளிய சோதனை எது?

2016-இல் எரிக் கிம்ப்ரோவும் அலெக்சாண்டர் வோஸ்ட்ரோக்னுடோவும் வெளியிட்ட ஆய்வில் ஒரு சோதனை இருக்கிறது. திரையில் ஒரு குச்சி மனிதன் நடந்து போகிறான். வழியில் ஐந்து சிவப்பு விளக்குகள். ஒவ்வொன்றிலும் பச்சை வரும்வரை நிற்பது விதி. நிற்க நிற்கக் கையிலுள்ள பணம் குறைந்துகொண்டே வரும். நிற்காமல் நடந்தால் தண்டனை எதுவும் இல்லை. விதியைப் பின்பற்றினால் நஷ்டம், மீறினால் கேட்க ஆளில்லை, பின்பற்றுவதால் யாருக்கும் நன்மையும் இல்லை. இத்தனைக்கும் பிறகு ஒருவர் நின்றால், அது விதி என்பதற்காக மட்டுமே நின்றிருக்கிறார்.

அதே இருவர் 2018-இல் இதன் சுருக்கமான வடிவத்தைத் தந்தார்கள்: பந்துகளை இரண்டு வாளிகளில் போடுவது. சமூகக் கூடத்தில் கணினி இல்லாமல், மின்வெட்டிலும் கையாலேயே செய்ய இதுவே வசதி. வேண்டியவை: ஆளுக்கு 30 கோலிக்குண்டுகள், மேலே துளையிட்ட மூடியுள்ள இரண்டு ஒரே அளவுப் பெட்டிகள், மேசையை மறைக்கும் அட்டை, எண் எழுதிய சீட்டு, உறை.

பங்கேற்பவர் அட்டைக்குப் பின்னால் தனியே உட்காருகிறார். நடத்துபவர் குறிப்பை எழுதியபடியே, ஒரே குரலில், ஒரே முறை வாசிக்கிறார்: "ஒவ்வொரு குண்டையும் இரண்டில் ஒரு பெட்டியில் போடுங்கள். நீலப் பெட்டியில் போடும் குண்டுக்கு 50 சென்ட் கிடைக்கும். மஞ்சள் பெட்டியில் போடும் குண்டுக்கு 1 ரேண்ட் கிடைக்கும். குண்டுகளை நீலப் பெட்டியில் போட வேண்டும் என்பது விதி." அவ்வளவுதான். காரணம் சொல்லக்கூடாது. "போடாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டால் "குறிப்பில் உள்ளது மட்டுமே" என்று சொல்லி, குறிப்பை இன்னொரு முறை வாசிக்க வேண்டும். வாசித்ததும் நடத்துபவர் அறையை விட்டு வெளியேறிவிட வேண்டும். முடிந்த பெட்டிகள் சீட்டு எண்ணுடன் வேறோர் அறைக்குப் போகும். முகம் பார்க்காத இரண்டாம் ஆள் அங்கே எண்ணி, பணத்தை உறையில் போட்டு அந்த எண்ணை எழுதி அனுப்புவார். எல்லாக் குண்டும் நீலத்தில் என்றால் 15 ரேண்ட். எல்லாம் மஞ்சளில் என்றால் 30 ரேண்ட். நீலத்தில் விழுந்த குண்டுகளின் எண்ணிக்கையே மதிப்பெண்: 0 முதல் 30 வரை.

இதில் என்னென்ன தப்பாகப் போகும்?

நிறைய. முதலாவது, குறிப்பு புரியாமை. தொடங்குமுன் "மஞ்சளில் ஐந்து குண்டு போட்டால் எவ்வளவு?" என்று கேளுங்கள். "5 ரேண்ட்" என்று வந்தால் மட்டுமே ஆரம்பியுங்கள். இதைச் செய்யாவிட்டால் கணக்குத் தெரியாதவர்களெல்லாம் விதியை மதிப்பவர்களாகப் பதிவாகிவிடுவார்கள்.

இரண்டாவது, நடத்துபவரின் பணிவு. "தயவுசெய்து நீலத்தில் போடுங்கள்" என்று ஒரு சொல் கூடினாலே, அவர் மனம் நோகக்கூடாது என்பதற்காகச் சிலர் போடுவார்கள். அப்புறம் நீங்கள் அளப்பது விதிக்குக் காட்டும் மதிப்பை அல்ல, விருந்தோம்பலை.

மூன்றாவது, நிறம். இதை இங்கே யாரும் கவனிப்பதில்லை. தென்னாப்பிரிக்காவில் நீலம் ஜனநாயகக் கூட்டணிக் கட்சியின் நிறம். மஞ்சள் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் நிறங்களில் ஒன்று. தேர்தல் நெருங்கும் மாதத்தில் இந்த இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்தால் மனிதர்களின் மனம் வேறெங்கோ போகும். போதாக்குறைக்கு நம்மவர்களுக்கு மஞ்சள் மங்கலம். எனவே சாம்பலும் பழுப்பும் பயன்படுத்துங்கள். அதோடு பாதிப் பேருக்கு விதிப் பெட்டியின் நிறத்தை மாற்றி வையுங்கள். இரண்டு பாதிகளின் சராசரியும் ஏறக்குறைய ஒன்றாக வரவேண்டும்.

நான்காவது, நடு மதிப்பெண்கள். 30 எடுத்தவரும் 0 எடுத்தவரும் தெளிவு. 15 எடுத்தவர் பாதி விதி, பாதி ஆசை என்று சமரசம் செய்திருக்கலாம், அல்லது எதுவும் புரியாமல் மாற்றி மாற்றிப் போட்டிருக்கலாம். முடிந்ததும் "ஏன் இப்படிப் போட்டீர்கள்?" என்று ஒரே ஒரு திறந்த கேள்வியைக் கேட்டு, பதிலை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இந்த ஒரு வரிக் குறிப்புதான் பல நேரம் மதிப்பெண்ணைவிட அதிகம் பேசும்.

புரட்டாசி விரதம் போன்ற ஒன்று நெறியா, சொந்த பக்தியா? எப்படிப் பிரித்து அறிவது?

கற்பனைச் சூழல் ஒன்றைச் சொல்லிக் கேட்பது சிறந்த வழி. ஒரு குடும்பம் புது வீட்டுக்குக் குடிபோகிறது, புரட்டாசி பிறக்கிறது, வீட்டில் இறைச்சி சமைப்பார்களா என்பது கேள்வி. இதை நான்கு விதமாக எழுதுங்கள்: பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலோர் இறைச்சியை விட்டிருக்கிறார்கள், அல்லது சிலரே விட்டிருக்கிறார்கள், சமைத்தால் அவர்கள் குறை சொல்வார்கள், அல்லது கண்டுகொள்ள மாட்டார்கள். முதல் இரண்டில் ஒன்றையும் பின் இரண்டில் ஒன்றையும் சேர்த்தால் இரண்டுக்கு இரண்டு, நான்கு சீட்டுகள். ஒருவருக்கு ஒரு சீட்டுதான். எது என்பதைக் குலுக்கலில் தீர்மானியுங்கள். ஒருவரிடமே நான்கையும் கேட்டால் எதைத் தேடுகிறீர்கள் என்பதைக் கண்டுபிடித்து அதற்கேற்பப் பதில் சொல்வார்.

கேள்வியை "நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று வைக்காமல் "அந்தக் குடும்பம் என்ன செய்யும்? பத்தில் எத்தனை வாய்ப்பு?" என்று வையுங்கள். பிறகு நான்கு குழுக்களின் சராசரியை ஒப்பிடுங்கள். பக்கத்து வீட்டார் விரதம் இருக்கிறார்களா என்பதைப் பொறுத்து எண் மாறினால், பிறர் செய்வதைப் பார்த்துச் செய்கிறார்கள். குறை சொல்வார்களா என்பதைப் பொறுத்து மாறினால், பிறர் கண்டனத்துக்கு அஞ்சுகிறார்கள். இரண்டாலும் அசையவில்லை என்றால் அது பக்தி. அதை நெறி என்று அறிக்கையில் எழுதக்கூடாது.

இதோடு இரண்டு எண்களையும் தனியே வாங்குங்கள்: "உங்களுக்குத் தெரிந்த பத்துத் தமிழ்க் குடும்பங்களில் எத்தனை புரட்டாசியில் இறைச்சி உண்பதில்லை?", "பத்தில் எத்தனை பேர் உண்பதைத் தவறு என்பார்கள்?" இந்த இரண்டுக்கும் உண்மை நிலைக்கும் உள்ள இடைவெளியைக் கண்டுபிடிப்பது பெரும் பயன். தாங்கள் கண்டிக்காத ஒன்றை ஊர் கண்டிக்கும் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே நம்பி, அதனாலேயே ஒரு வழக்கம் தொடர்வதுண்டு.

ஊர் எதைத் தவறென்று கருதுகிறது என்பதை எப்படி அளப்பது?

எரின் குருப்காவும் ராபர்டோ வெபரும் 2013-இல் வெளியிட்ட முறை இதற்கென்றே அமைந்தது. ஒரு செயலை விவரித்து, அது எவ்வளவு தகும், எவ்வளவு தகாது என்று தரவரிசையில் குறிக்கச் சொல்ல வேண்டும். பெரும்பாலானோர் குறித்த அதே தரத்தைக் குறித்தவருக்கே பரிசு. ஆகவே "எனக்கு என்ன தோன்றுகிறது" என்பதை விட்டு "மற்றவர்கள் எதைக் குறிப்பார்கள்" என்று யோசிப்பார்கள்.

மினிபஸ் டாக்சி இதற்கு அருமையான களம். பின்னால் இருப்பவர்களின் கட்டணம் கை மாறி முன்னே போகிறது. முன் இருக்கையில் இருப்பவர் கூட்டிப் பார்த்து மீதியைப் பின்னே அனுப்புகிறார். முன்பின் தெரியாத பத்துப் பதினைந்து பேர் ஒருவரை ஒருவர் நம்பித்தான் அந்தக் கணக்கு முடிகிறது. இப்போது சூழல்: "பின் இருக்கைப் பயணி ஒருவருக்கு மீதிச் சில்லறையில் 10 ரேண்ட் கூடுதலாக வந்தது. அவர் பேசாமல் இருந்துவிட்டார்." தரங்கள் நான்கு: மிகவும் தகாதது, ஓரளவு தகாதது, ஓரளவு தகும், மிகவும் தகும். நடுவில் "இரண்டும் இல்லை" என்ற கட்டத்தை வைக்காதீர்கள். ஒதுங்க நினைப்பவர்களெல்லாம் அங்கே போய் உட்கார்ந்துகொள்வார்கள்.

"மற்றவர்கள்" யார் என்பதைச் சொல்லாமல் விட்டால் முறையே குலைந்துவிடும். "இன்று இந்த அறையில் இருப்பவர்கள்" என்று சொல்கிறீர்களா, "உங்கள் தெருக்காரர்கள்" என்று சொல்கிறீர்களா என்பதைச் சீட்டிலேயே அச்சிடுங்கள். பரிசைக் கணக்கிடுவதும் அதே குழுவை வைத்துத்தான்.

தெருவில் நின்று எண்ணலாமா?

எண்ணலாம், ஆனால் எதால் வகுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாதசாரிச் சிவப்பில் கடந்தவர்களை மட்டும் எண்ணிப் பயனில்லை. சிவப்பு இருக்கும்போது ஓரத்துக்கு வந்து, கடக்க இடைவெளியும் இருந்தவர்கள் எத்தனை பேர்? அவர்களில் கடந்தவர்கள் எத்தனை பேர்? வண்டி நெருக்கத்தால் நின்றவர் உயிருக்குப் பயந்து நின்றார். அவரை விதியை மதித்தவராகச் சேர்க்கக்கூடாது.

ஒரே இடத்தை இரண்டு பேர் தனித்தனியே, பேசிக்கொள்ளாமல், 15 நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்யட்டும். 100 பேரில் இருவரும் "கடந்தார்" என்று 30 பேரையும் "நின்றார்" என்று 60 பேரையும் குறித்து, மீதி 10 பேரில் ஐந்தைந்தாக முரண்பட்டால், ஒப்புதல் 90 விழுக்காடு. ஆனால் குருட்டாம்போக்கில் குறித்தாலே 54.5 விழுக்காடு ஒத்துப்போயிருக்கும். அதைக் கழித்து, மீதி 45.5-இல் எவ்வளவு ஒத்தது என்று பார்த்தால் (35.5 / 45.5) 0.78. இதற்குக் காப்பா மதிப்பு என்று பெயர், இது ஏற்கத்தக்கது. 0.6-க்குக் கீழே வந்தால் பதிவை நிறுத்திவிட்டு வரையறையைத் திருத்துங்கள்.

இன்னொன்று: ஒருவர் கால் வைத்ததும் பின்னால் நால்வர் இறங்குவார்கள். அதை ஐந்து தனித் தீர்மானங்களாக எண்ணாதீர்கள். முதலில் இறங்கியவரையும் தொடர்ந்தவர்களையும் வேறு வேறு கட்டங்களில் குறியுங்கள்.

மீறுபவரை மட்டுமல்ல, தட்டிக்கேட்பவரையும் எண்ணலாம். ஸ்டான்லி மில்கிராமின் குழு 1986-இல் வெளியிட்ட ஆய்வில் 129 வரிசைகளில் வேண்டுமென்றே ஆள் நுழைந்து பார்த்தார்கள். ஒருவர் மட்டும் நுழைந்தபோது பாதிக்குச் சற்று அதிகமான வரிசைகளில் எதிர்ப்பு வந்தது; இருவர் சேர்ந்து நுழைந்தபோது பத்தில் ஒன்பதுக்கும் மேல். ஒரு நெறி உயிரோடு இருக்கிறதா என்பதற்கு இந்த எதிர்ப்பு நல்ல அடையாளம்.

வெளியே சொல்ல வெட்கப்படும் விஷயத்தை எப்படிக் கேட்பது?

ஸ்டான்லி வார்னர் 1965-இல் தொடங்கிவைத்த வழியில், ஒரு நாணயம் போதும். பங்கேற்பவர் மறைவாகச் சுண்டுகிறார். அரசுச் சின்னம் விழுந்தால் உண்மை எதுவானாலும் "ஆம்" என்பார். மறுபக்கம் விழுந்தால் உண்மையைச் சொல்வார். யார் சொன்ன "ஆம்" எந்த வகை என்று யாருக்கும் தெரியாது. 200 பேரில் 130 "ஆம்" வந்தால், ஏறத்தாழ 100 நாணயத்துக்கு உரியவை. மீதி 100 பேரில் 30 பேர் உண்மையாக ஆம், அதாவது 30 விழுக்காடு. இதற்கு விலை துல்லியம்: 200 பேர் இருந்தும் பிழை இரு பக்கமும் 13 விழுக்காடு வரை போகும். சிறு குழுவில் இதைச் செய்வது வீண்.

பகடையும் உண்டு. ஃபிஷ்பாகரும் ஃபோல்மி-ஹொய்சியும் 2013-இல் வெளியிட்ட முறையில், மறைவில் ஒருமுறை உருட்டி விழுந்த எண்ணைச் சொன்னால் அதற்கேற்பப் பணம். ஆறுக்கு மட்டும் எதுவும் இல்லை. தனி ஆளைப் பிடிக்க முடியாது, குழுவைத்தான் பார்க்க முடியும். 120 பேர் உருட்டினால் ஒவ்வொரு எண்ணும் 20 முறை வரவேண்டும். தற்செயலாக 8 கூடலாம், குறையலாம். ஐந்து என்று 38 பேர் சொன்னால் அது தற்செயல் அல்ல.

எத்தனை பேரைக் கேட்க வேண்டும்?

ஒரு விழுக்காட்டைக் கூட்டல் கழித்தல் 5-க்குள் சொல்ல 385 பேர். 10-க்குள் போதுமென்றால் 96 பேர். இது ஆட்களைத் தனித்தனியாகக் குலுக்கி எடுத்தால். ஒரு கோயிலில் 20 பேர், இன்னொன்றில் 20 பேர் என்று கொத்தாக எடுத்தால், ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள் ஒத்துப்போவார்கள் என்பதால் எண்ணிக்கை கூட வேண்டும். அந்த ஒற்றுமை (0 என்றால் துளியும் இல்லை, 1 என்றால் எல்லோரும் ஒரே மாதிரி) 0.05 அளவுக்குச் சிறியதாக இருந்தாலும் ஏறக்குறைய இருமடங்கு ஆட்கள் தேவை. எனவே ஒரு கோயிலில் 100 பேரைவிட பத்துக் கோயில்களில் பத்துப் பத்துப் பேர் எவ்வளவோ மேல்.

கேள்விகள் எந்த மொழியில் இருக்க வேண்டும்?

பங்கேற்பவர் வீட்டில் பேசும் மொழியில். இங்கே பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களில் அது ஆங்கிலம்; தமிழ்க் கேள்வித்தாள் சில முதியவர்களுக்குத்தான். சென்னையில் அச்சான கேள்வித்தாளை அப்படியே எடுக்காதீர்கள். அங்கே "சிக்னல்" என்பது இங்கே "ரோபோ". "சிக்னலில் நிற்பீர்களா?" என்றால் முழிப்பார்கள்.

தமிழில் எழுதும்போது பெரிய கண்ணி "வேண்டும்" என்ற சொல். "செருப்பைக் கழற்ற வேண்டும்" என்பது கட்டளையா, தேவையா, விருப்பமா? மூன்றுமாகலாம். நெறியை அளக்கும் கேள்வியில் "கழற்றாவிட்டால் மற்றவர்கள் தவறு என்பார்களா?" என்று உடைத்துக் கேளுங்கள். ஒருவர் மொழிபெயர்த்ததை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப மொழிபெயர்க்கட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்திய வம்சாவளியினர், சுலு மக்கள், வெள்ளையர் என்று ஒப்பிட்டு அறிக்கை எழுதலாமா?

எழுதாதீர்கள். மிஷெல் கெல்ஃபண்டின் குழு 2011-இல் 33 நாடுகளில் ஆறு கேள்விகளைக் கொண்டு, எங்கே நெறிகள் இறுக்கம், எங்கே தளர்வு என்று ஒப்பிட்டது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான் இறுக்கமான பக்கம் வந்தன. இந்தியாவுக்கு வந்த எண்ணை 1860-இல் ட்ரூரோ கப்பலில் தொடங்கி நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழிவந்தவர்கள் மேல் ஒட்டுவது தவறு. அந்த எண் ஒரு நாட்டின் சூழலைச் சொல்கிறது, ரத்தத்தை அல்ல.

1950-இன் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் இனப் பெட்டியில் போட்டது. அதே ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் பெட்டிப்படி வீடு கொடுத்தது. சாட்ஸ்வர்த் அப்படித்தான் பிறந்தது. இந்த நாட்டில் "இன்ன இனத்தார் விதியை மதிப்பதில்லை" என்ற ஒரு வரி எவ்வளவு தூரம் போகும் என்பதை அளப்பவர் உணர்ந்திருக்க வேண்டும். உண்மையில் வேறுபாட்டைத் தருவது பெரும்பாலும் சூழல்: விளக்கு வேலை செய்கிறதா, வரிசையில் நின்றவருக்கு உண்மையிலேயே முறை வருகிறதா. அவற்றை ஒப்பிடுங்கள்.

அதிக மதிப்பெண் எடுத்தவர் நல்லவரா?

இல்லை. சாலமன் ஆஷ் 1950-களில் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லிச் செய்த சோதனையில், கண்ணுக்குத் தெரிந்த சரியான விடையை விட்டு, கூட்டம் சொன்ன தவறான விடையை நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது சொன்னார்கள். ஒத்துப்போவது என்பது அதுவும்தான். தில்லையாடி வள்ளியம்மை அனுமதிச் சட்டத்தை மீறி டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து, சிறை சென்று, நோயோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-இல் 16 வயதில் இறந்தார். நம் கோலிக்குண்டுச் சோதனை அவரை எந்தப் பக்கம் வைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மதிப்பெண் ஒரு சாய்வைச் சொல்கிறது. அந்த விதி நியாயமானதா என்பதை அது சொல்லாது. இதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

அனுமதி வாங்க வேண்டுமா?

பல்கலைக்கழக ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதலில். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் மத நம்பிக்கையையும் இனத்தையும் சிறப்புத் தகவலாகக் கருதுகிறது; 18 வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் சம்மதம் தேவை. பெயரை வாங்காமலே வேலை நடக்குமென்றால் வாங்காதீர்கள்.

முடிவைக் கோயில் பலகையில் எப்படி எழுதுவது?

கவனமாக. கலிஃபோர்னியாவில் மின்சாரப் பயன்பாடு பற்றி நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், தெருச் சராசரியைச் சொன்னதும் அதிகம் எரித்தவர்கள் குறைத்தார்கள், குறைவாக எரித்தவர்களோ கூட்டினார்கள். குறைவாக எரித்தவர்களின் தாளில் ஒரு சிரித்த முகம் வரைந்து பாராட்டியதும் அந்தக் கூடுதல் ஏறக்குறைய மறைந்தது. ஆகவே "பத்தில் நான்கு பேர் தட்டை எடுக்காமல் போகிறார்கள்" என்று எழுதினால், இதுவரை எடுத்தவர்களும் விட்டுவிட்டுப் போகத் தொடங்குவார்கள். "அன்னதானத்துக்குப் பிறகு பத்தில் ஆறு பேர் தங்கள் தட்டைத் தாங்களே தொட்டிக்குக் கொண்டுபோகிறார்கள், நன்றி" என்று எழுதுங்கள். எண்ணிய தேதியையும் ஆட்களின் எண்ணிக்கையையும் கீழே சேருங்கள். தட்டுத் தொட்டியின் பக்கத்திலேயே, கண் மட்டத்தில் ஒட்டுங்கள். ஆறு வாரம் கழித்து அதே நேரத்தில், அதே இரண்டு பேரைக் கொண்டு மறுபடி எண்ணுங்கள்.